எதைக் கேட்டாலும் காய்சினவேந்தன்

ஆள் வந்த நாள்

என் பெயர் செய்யது. எங்கள் மேலப்பாளையத்துத் தெருமுனையில் நின்று "செய்யது" என்று ஒரு சத்தம் கொடுத்தால் எட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒன்பதாவது ஆள் வீட்டுக்குள்ளிருந்து "எந்த செய்யது?" என்று கேட்பார். ஆகவே பெயரை வைத்து ஒரு மனுஷனைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதுமே கிடையாது. அந்த எண்ணத்தை மாற்றிய ஒரு வழக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் வீடற்றவர்களுக்கான ஒரு காப்பகத்தில் பதினெட்டு வருடம் மேலாளராக இருந்தேன். மேலாளர் என்றதும் சுழல் நாற்காலியை நினைக்க வேண்டாம். தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டாலும் நான்தான், மருந்து தீர்ந்தாலும் நான்தான். இதற்கெல்லாம் மேலே ஒரு வேலை உண்டு. வழிதவறி வந்தவர்களின் வீட்டாரைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பது. எங்களுக்குள் அதை 'ட்ரேஸிங்' என்போம். இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் செல்போனும் வாட்ஸ்அப் குழுவும் இருப்பதால் இது சுலபம் என்று நினைக்கிறார்கள். சுலபம்தான், ஆள் பேசினால்.

இந்த ஆள் பேசவில்லை. ஒரு கான்ஸ்டபிள் அவரை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினார். அறுபது வயது இருக்கும். பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலிருந்து மயங்கி விழுந்து தலையில் அடி. ஆஸ்பத்திரியில் மொட்டையடித்து, மீசையையும் மழித்துத் தையல் போட்டிருந்தார்கள். பக்கவாதம் என்று சீட்டில் இருந்தது. வலது கை தொங்கியது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஒரு வேட்டி, ஒரு துண்டு. போன் இல்லை, அட்டை ஒன்றும் இல்லை.

பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "பெரியவரே, பேரு என்ன?" என்று கேட்டேன்.

"காய்சினவேந்தன்" என்றார். குளறல் இல்லாமல், கணீரென்று.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெயர் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. "எந்த ஊரு?" என்றேன்.

"காய்சினவேந்தன்."

"ஊரு பேரு கேக்கேன். வீடு எங்கன இருக்கு?"

"காய்சினவேந்தன்."

எங்கள் நர்ஸ் வேணி எட்டிப் பார்த்து, "அய்யா சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். அதற்கும் அதே பதில்தான். மறுநாள் வந்த டாக்டர் விளக்கினார். "மூளையில பேச்சு இருக்கிற இடத்துல அடி. சில பேருக்கு ஒரே ஒரு சொல்லு மட்டும் தங்கிரும். நீங்க சொல்றது ஓரளவு புரியும். பதில் சொல்லணும்னு நினைப்பார், அந்தச் சொல்லுதான் வெளிய வரும்." எழுதச் சொல்லலாம் என்றால் எழுதுகிற கைதான் போய்விட்டது.

பெயர் காய்சினவேந்தன், வயது சுமார் அறுபது, ஊர் தெரியவில்லை என்று எழுதினேன். கான்ஸ்டபிள் தன் பட்டியலில் பார்த்தார். அந்தப் பெயரில் எந்த ஸ்டேஷனிலும் யாரும் காணாமல் போகவில்லை.

பெயரைப் பிடித்துக்கொண்டு போனது

இப்படி ஒரு பெயரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. மேடைப் பேச்சாளர் யாராவது தனக்குத் தானே சூட்டிக்கொண்டதாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஆளைப் பார்த்தால் மேடை ஏறுகிற சாயல் இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரன் இவருடைய போர்வையை இழுத்துக்கொண்டபோது, தலையணையையும் எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தவர் இவர். சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆளாகத்தான் நிற்பார். மற்ற நேரமெல்லாம் வெளிவாசலைப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யார் உள்ளே வந்தாலும் பாதி எழுந்திருப்பார். வந்தவர் தன் ஆள் இல்லை என்று தெரிந்ததும் பைய உட்கார்ந்துகொள்வார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். வேணி ஸ்ரீவைகுண்டத்துக்காரி. லீவு முடிந்து வந்தவள் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நமக்கு மூளையே இல்ல. எங்க ஊருக்குப் பக்கத்துல திருப்புளிங்குடி இருக்குல்லா, அங்கன உள்ள பெருமாள் பேருதான் காய்சினவேந்தன்."

"பெருமாளுக்கா?"

"ஆமா. எங்க பக்கமெல்லாம் கோயில் பெருமாள் பேரத்தான் பிள்ளையளுக்கு வைப்பாவ. கள்ளபிரான்னு எங்க தெருவுலயே மூணு பேரு இருக்காவ. தென்திருப்பேரைன்னா குழைக்காதன்னு வைப்பாவ. நம்ம ஊரு தாண்டினா யாருக்கும் இந்தப் பேரெல்லாம் தெரியாது."

அதாவது பெயரே முகவரி. மேலப்பாளையத்துச் செய்யதுக்கு இப்படி ஒரு வசதி இல்லையே என்று பொறாமையாக இருந்தது. மறுநாளே அவருடைய புகைப்படத்தைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். இன்றைக்குச் சாயங்காலமே வீட்டாரோடு திரும்பப் போகிறோம் என்ற நினைப்பில் ஆட்டோக்காரரிடம் ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டு போனேன்.

கோயில் வாசலில் அர்ச்சகர் நின்றிருந்தார். இளவயது, வேறு ஊரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறதாம். நான் தயங்கி வெளியிலேயே நின்று, "சாமி, காய்சினவேந்தன்னு ஒருத்தர்..." என்று தொடங்கினேன்.

அவர் சிரித்தார். "ஒருத்தர்தான். உள்ளே படுத்துண்டிருக்கார். அந்தப் பக்கம் சுத்தி வந்தா ஜன்னல் வழியாப் பாதம் மட்டும் தெரியும்."

"சாமியக் கேக்கல. ஆளு. மனுஷன்."

"மனுஷாள் யாரும் இப்போ இந்தப் பேர்ல இருக்கறதா எனக்குத் தெரியலையே, பாய். பேருக்கு அர்த்தம் தெரியுமோ? காய்சினம்னா எரிக்கிற கோபம். அவ்வளவு கோபம் உள்ள ராஜான்னு அர்த்தம். இப்போ யார் குழந்தைக்கு அப்படி வைக்கறா?"

தலையணையைத் தூக்கிக் கொடுத்த மனிதரை நினைத்துக்கொண்டேன். எரிக்கிற கோபமாம்! படத்தைக் காட்டினேன். தெரியாது என்றார்.

அடுத்து டீக்கடை. ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே நான் செய்த தப்பை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை. அர்ச்சகர் சிரித்த சிரிப்பு மனதில் இருந்தது. தாடி வைத்த ஒரு பாய் வந்து பெருமாள் பெயரைச் சொல்லி ஆள் தேடுகிறார் என்று இவர்களும் சிரிப்பார்களோ என்ற கூச்சத்தில், படத்தை மட்டும் நீட்டினேன். "இந்த ஊருல யாராவது காணாமப் போயிருக்காவளா? இவரைத் தெரியுமா?" என்று கேட்டேன். படம் கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வந்தது.

"எங்க ஊரு ஆளு இல்ல இது."

"வாய் கோணிப் போய்க் கெடக்கே, பாவம். யாரு பெத்த பிள்ளையோ."

"எங்க ஊர்ல யாரும் காணாமப் போகல, பாய். டீ சாப்பிடுதியளா?"

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். வரும்போது இருந்த வாழைத் தோட்டம் போகும்போதும் அப்படியேதான் இருந்தது, எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை. காப்பகத்து வாசலில் நுழைந்தபோது நாற்காலியிலிருந்து அவர் பாதி எழுந்தார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பட்டியலில் அவர் பெயர்

நான்காவது வாரத்தில் மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. காகிதம் நகர வேண்டும் என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான்.

"செய்யது பாய், உங்ககிட்ட இருக்கிறது முப்பது படுக்கை. வெளியில ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க. தொடர்ந்து கவனிக்க வேண்டிய கேஸ் நாலு பேரை மெட்ராஸ் பக்கம் ஒரு ஹோமுக்கு மாத்துறோம். அந்த காய்சின... என்ன பேருய்யா அது, அவரும் லிஸ்ட்ல இருக்கார். திங்கட்கிழமை வேன் வரும்."

"சார், அவரு இந்தப் பக்கத்து ஆளு. பேரே சொல்லுதே. இங்க இருந்தாத்தான் தேடி வாறவங்க கண்ணுல படுவாரு."

"தேடி யாரும் வரலையே?"

போனை வைத்துவிட்டேன். மெட்ராஸ் பக்கம் போனால் அவருடைய பெயர் அங்கே யாருக்கும் ஒன்றையும் சொல்லாது. வேணி மாதிரி ஒருத்தி பக்கத்தில் நின்று "எங்க ஊர்ப் பெருமாள் பேருல்லா" என்று சொல்ல மாட்டாள். வீட்டார் இருந்து, அவர்களும் தேடிக்கொண்டிருந்தால், திருநெல்வேலியைத்தான் சல்லடை போட்டுத் தேடுவார்கள். அறுநூறு கிலோமீட்டர் தாண்டி யார் வருவார்கள்? அவரைப் பொறுத்தவரை அந்த வேன் கிளம்பினால் கதை முடிந்தது. அன்று வியாழக்கிழமை.

இசக்கியம்மாளின் படிவம்

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். எங்கள் சமையல்காரி இசக்கியம்மாள் ஒரு படிவத்தோடு வந்தாள். காப்பீட்டுக்கு வாரிசுதாரர் பெயர் எழுத வேண்டும்.

"ஒன் மகன் பேரு சொல்லும்மா."

இசக்கியம்மாள் வேணியைப் பார்த்தாள். "எம்மா வேணி, நீ சொல்லேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? ராசுதானே?"

"ராசு வீட்டுல கூப்பிடுத பேரு. ஆதார்ல வேற இருக்கும்." மடியிலிருந்து ஆதார் நகலை எடுத்து வேணியிடம் நீட்டினாள். வேணி, "சங்கரபாண்டியன்" என்று வாசித்தாள்.

எனக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. எரிச்சல் வந்துவிட்டது. "ஏம்மா, பெத்த மகன் பேர நீயே சொன்னா என்ன கொறஞ்சா போயிருவ?"

"எங்க மாமனாரு பேருல்லா அது, அண்ணாச்சி! மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேருதான் வைக்கணும், வச்சாச்சு. மாமனாரு பேர நான் எப்படி வாயால சொல்லுவேன்? அதான் ராசுன்னு கூப்பிட்டோம். நான் ராசுன்னதால தெருவே ராசுன்னுட்டு. ஸ்கூல்ல வாத்தியாரு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவனே திரும்பிப் பாக்க மாட்டான்."

பேனாவை மேசையில் வைத்துவிட்டேன்.

எங்கள் ஆட்களிலும் வாப்பா பெயரைப் பிள்ளைக்கு வைப்பது உண்டு, செல்லப் பெயர் உண்டு. ஆனால் இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவேயில்லை. நான் காய்சினவேந்தன் என்று ஓர் உயிரோடிருக்கும் மனிதரைத் தேடிக்கொண்டு போனேன். அந்தப் பெயர் அவருடையதே இல்லை, அவருடைய தாத்தாவுடையது. திருப்புளிங்குடி தாத்தாவின் ஊர். பேரன் அங்கே ஒரு நாள்கூட வாழாதவராக இருக்கலாம். அவரைத் தெரிந்தவர்களுக்கோ இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஏனென்றால் அவருடைய அம்மா அதை வாயால் சொல்லியிருக்கவே மாட்டாள்.

"இசக்கியம்மா, நீ நல்லா இருப்ப" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "படிவத்தை முடிங்க மொதல்ல" என்றாள்.

செத்துப்போனவரைத் தேடியது

சனிக்கிழமை ஆய்வுக்கு ஆள் வந்ததால் நகர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேணியையும் கூட்டிக்கொண்டு போனேன். அதே டீக்கடை. இந்த முறை படத்தை எடுக்கவில்லை. வெட்கத்தைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுச் சத்தமாகக் கேட்டேன்.

"இந்த ஊருல முன்ன காலத்துல காய்சினவேந்தன்னு ஒரு பெரியவர் இருந்தாரா? செத்து ரொம்ப நாளு ஆயிருக்கும். அவரு மகன் யாராவது ஊரை விட்டுப் போயிருக்கணும்."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். வாழை விவசாயி, முத்தையா என்று பெயர். எழுபது வயதுக்கு மேல். போன முறையும் அதே பெஞ்சில் இருந்து படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்.

"காய்சினவேந்தன் எங்க சின்னத்தாத்தா பேருல்லா வே! எதுக்குக் கேக்கீரு?"

"அவரு பேரன் எங்ககிட்ட இருக்காருன்னு நினைக்கேன்."

"அன்னைக்கு நீரு மூஞ்சியக் காட்டினீரு. பேரச் சொல்லலியே! பேரச் சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே வே." அவருக்குக் கோபமே வந்துவிட்டது. நியாயமான கோபம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தச் சின்னத்தாத்தாவின் மகன் சுடலைமுத்து, பெண்சாதியோடு மலையில் தேயிலை எஸ்டேட் வேலைக்குப் போனவர். பிள்ளை அங்கே பிறந்தது. பெயரைத் தாத்தாவே வைத்திருக்கிறார். தாத்தாவுக்கே அது அவருடைய தாத்தா பெயர்தான், அதையே பேரனுக்கும் கொடுத்தாராம்.

"அந்தப் பயல அவன் ஆத்தா துரைன்னுதான் கூப்பிடுவா. மாமனாரு பேரச் சொல்லக் கூடாதுல்லா. எஸ்டேட்டுல தெனம் துரைமாரைப் பாத்தவ, நம்ம பிள்ளையும் அப்படி ஒரு நாளு உக்காரணும்னு ஆசை இருந்திருக்கும் போல. சின்னப் பிள்ளையா ஒரு தடவை வந்தான். அப்புறம் போக்குவரத்தே இல்ல. நாலஞ்சு வருசம் முன்னால மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தான்."

"பத்திரிகை இருக்கா?" என்று வேணி கேட்ட வேகத்தில் டீக்கடைக்காரரே திரும்பிப் பார்த்தார்.

முத்தையா வீட்டில் சாமி படங்களுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, இது யார் வீட்டுக் கல்யாணம், அதில் சாப்பாடு எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் ஒரு ரோஸ் நிறப் பத்திரிகை. பெண்ணின் தகப்பனார் இடத்தில் 'சு. காய்சினவேந்தன் (எ) துரை' என்று அச்சிட்டிருந்தது. கீழே தாய்மாமன் கணேசன் என்று ஒரு போன் நம்பர்.

போட்டேன். ஓர் ஆண் குரல் எடுத்தது. "துரைன்னு உங்க வீட்டுல..." என்று நான் முடிப்பதற்குள் போன் அவருடைய மனைவி கைக்கு மாறியது.

"அய்யா, யாரு பேசுதது? அவரு இருக்காரா? உயிரோட இருக்காரா?"

"இருக்காரும்மா. நல்லா இருக்காரு. பாளையங்கோட்டையில."

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. பிறகு அவளே பேசினாள். எஸ்டேட் வேலை முடிந்து அம்பாசமுத்திரத்தில் வாடகை வீட்டுக்கு வந்து ஆறு மாதம்தானாம். அக்கம்பக்கம் யாரையும் தெரியாது. ஒரு நாள் காலையில், தாத்தா ஊரைப் பார்த்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்று கிளம்பியவர்.

"தாத்தா ஊரு எதுன்னு எனக்குத் தெரியாதே, அய்யா. ஆத்துக்குக் கிழக்கன்னு சொல்லுவாரு. மகள் கல்யாணப் பத்திரிகையக் கூட அங்க அவரேதான் எழுதி அனுப்பினாரு. ஸ்டேஷன்ல துரைன்னு எழுதிக் குடுத்தோம். மீசை வச்ச போட்டோவும் குடுத்தோம். முழுப்பேரு எஸ்டேட்டுல காலையில பெரட்டுன்னு ஆளெடுக்க வரிசையா நிக்கும்போது கணக்கப்பிள்ளை கூப்பிடுததுதான். வேற யாரு கூப்பிட்டா அந்தப் பேர?"

முப்பது வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு நாள் காலையிலும் வரிசையில் நின்று அந்தப் பெயருக்குப் பதில் சொன்ன மனிதர். எல்லாச் சொல்லும் போன பிறகு அது மட்டும் ஏன் தங்கியது என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஒப்படைப்பு

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் மரகதம், அவளுடைய தம்பி கணேசன். மெட்ராஸ் வேன் வெளியே நின்றுகொண்டிருந்தது. டிரைவர் மற்ற மூன்று பேரை ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஒப்படைப்பில் நான் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. கூட்டிப் போக வருகிறவர், ஆளைப் பார்ப்பதற்கு முன், அவருடைய முழுப்பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். ஒரு முறை, தப்பான ஆளைத் தங்கள் அண்ணன் என்று நம்பி ஒரு குடும்பம் கூட்டிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து அழுதுகொண்டே திருப்பிக் கொண்டுவந்து விட்டது. அதற்குப் பிறகு வந்த சட்டம் இது.

"பேரு சொல்லுங்கம்மா" என்றேன், பழக்க தோஷத்தில்.

"துரை."

"முழுப்பேரு?"

மரகதம் தம்பியைப் பார்த்தாள். கணேசன் முன்னால் வந்தான். "அத்தான் பேர நான் சொல்லுதேன், சார். அக்கா சொல்ல மாட்டா. முப்பத்து நாலு வருசத்துல துரைன்னுகூட அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னதில்ல."

எனக்கு என் மீதே கோபம் வந்தது. மூன்று நாள் முன்னால்தான் இசக்கியம்மாளிடம் பாடம் படித்திருந்தேன். அதற்குள் அதே கேள்வி. "வேண்டாம்மா, விடுங்க" என்றேன். "ஆதார் இருக்குல்லா, அது போதும். வாங்க, உள்ள போவோம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "அய்யா, இங்கன அவரு எப்படி இருந்தாரு? பேசுதாரா?"

சொல்லத்தானே வேண்டும். "பேச்சு போயிட்டும்மா. வைத்தியம் பார்த்தா கொஞ்சம் கொஞ்சமா வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்ப ஒரு சொல்லுதான் வருது. எதைக் கேட்டாலும் அவரு பேர மட்டுந்தான் சொல்லுவாரு."

"அவரு பேரையா?"

"ஆமாம்மா."

"ஒரு மாசமாவா?"

"ஆமா."

மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரு பேர அவரே சொல்லிக்கிட்டுக் கெடந்திருக்காரு. கூப்பிட ஒரு நாதியில்லாம" என்றாள். பிறகு எழுந்து, நான் வழிகாட்டுவதற்கு முன்பே கூடத்துக்குள் போனாள்.

அவரை அப்போதுதான் குளிப்பாட்டிக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். டிரைவர் வண்டியை எடுத்துக் கிளப்பிய சத்தத்துக்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையும் முதுகும்தான் தெரிந்தது. மரகதம் நாலு அடி தள்ளி நின்றாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். பக்கத்தில் இசக்கியம்மாள் கரண்டியோடு வந்து நின்றவள், என்ன நடக்கப் போகிறது என்று புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காய்சினவேந்தன்" என்று மரகதம் கூப்பிட்டாள்.

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். வீட்டில் வேலையாக இருக்கும்போது பெண்சாதி கூப்பிட்டால் கேட்பது போல,

"என்ன?" என்றார்.

வேணி அழுதாள். கணேசன் அழுதான். நான் பதிவேட்டை எடுக்கப் போகிறவன் போல அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பச்சை மை

ஒப்படைப்புப் படிவத்தில் 'அடையாளம் உறுதி செய்த விதம்' என்று ஓர் இடம் இருக்கும். வழக்கமாக ஆதார் அட்டை, புகைப்படம் என்று எழுதுவோம். அன்றைக்கு நான் எழுதியது இது: 'மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் "என்ன?" என்று கேட்டார்.'

அந்த மாதக் கடைசியில் மேலதிகாரி பதிவேட்டைப் பார்க்க வந்தார். விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தவர் அங்கே நின்றார்.

"என்ன பாய், கதை எழுதியிருக்கீங்க?"

"நடந்தது அதான் சார்."

"ஆதார் நம்பர் எழுதலியா?"

"பின்பக்கம் இருக்கு சார். ஆனா உறுதியானது இதுலதான்."

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆள் வந்ததும் பெயரைக் கேட்டு எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடாதீர்கள். இந்தப் பெயர் இவருக்கு முன்னால் யாருக்கு இருந்தது, யார் வைத்தார்கள், இதை வாயால் சொல்லக் கூடாதவர்கள் யார், அவர்கள் வேறு எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். நான் வேலையை விட்டு வரும்போது படிவத்தில் இந்தக் கேள்விகளைச் சேர்த்துவிட்டுத்தான் வந்தேன். இன்னொன்று, யாராவது சிரிப்பார்களோ என்று பெயரை விழுங்கிவிடாதீர்கள். என் கூச்சத்துக்கு அந்த மனிதர் கொடுத்தது பதினெட்டு நாள்.

மரகதம் போன மாதம் பேசினாள். கைக்குப் பயிற்சி நடக்கிறதாம். பத்துப் பதினைந்து சொல் வருகிறதாம், அதில் பாதி அவளைத் திட்டுவதற்குத்தானாம். பேருக்கு ஏற்ற கோபம் இப்போதுதான் வருகிறது என்று சிரித்தாள். முத்தையா வண்டி வைத்து இருவரையும் திருப்புளிங்குடிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "அவர இன்னும் பேரச் சொல்லித்தான் கூப்பிடுதியளா?" என்று கேட்டேன்.

"அய்யய்யோ! அது ஒரு தடவைதான், அண்ணாச்சி" என்றாள்.

மேலதிகாரி அன்றைக்கு அந்த வரியை இரண்டாம் முறை படித்தார். அடித்துத் திருத்தச் சொல்வார் என்று நான் ரூலரை எடுத்து வைத்திருந்தேன். அவர் பச்சை மைப் பேனாவின் மூடியைக் கழற்றி, வரியின் பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.